பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சா அட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் 2016 ஏப்ரல் 17 அன்று அப்போதைய ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்ட 16ஆம் எண் சட்டம்தான் மருத்துவக் கஞ்சாவுக்கு வழி திறந்தது. 2018 பிப்ரவரியில் முதல் டிஸ்பென்சரிகள் (மருத்துவக் கஞ்சா விற்க உரிமம் பெற்ற கடைகள்) நோயாளிகளுக்கு விற்கத் தொடங்கின. 2021இல் வந்த 44ஆம் எண் சட்டம் சில விதிகளைத் தளர்த்தியது. பக்கத்திலுள்ள நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் 21 வயது ஆனவர் அடையாள அட்டையைக் காட்டிக் கடையில் வாங்கலாம். பென்சில்வேனியாவில் அப்படி வாங்க முடியாது. மருத்துவர் சான்று தர வேண்டும், சுகாதாரத் துறை அட்டை தர வேண்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால்தான் டிஸ்பென்சரியின் உள்கதவு திறக்கும்.

எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

இதை வேண்டுமென்றே முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம். குடிவரவுச் சட்ட வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் சுகாதாரத் துறையின் இணையப் பதிவேட்டின் பக்கத்தைக்கூடத் திறக்காதீர்கள்.

மாநிலச் சட்டம் உங்களை அனுமதிக்கிறது. சுகாதாரத் துறை குடியுரிமை கேட்பதில்லை, மாநிலத்தில் வசிக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறது. ஆனால் விசாவும் கிரீன் கார்டும் ஃபெடரல் அரசின் கையில் இருக்கின்றன. ஃபெடரல் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருள். போதைப்பொருள் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால்தான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குற்றத்தின் கூறுகளை ஒருவர் தானே ஒப்புக்கொண்டாலும், வழக்கே இல்லாமல், அவரை நாட்டுக்குள் அனுமதிக்க மறுக்கக் குடிவரவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சென்னை போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கேட்க, ‘ஆமாம், மருத்துவத்துக்காக எடுக்கிறேன்’ என்று வெள்ளந்தியாகச் சொல்லும் பதில்கூட அப்படிப்பட்ட ஒப்புதலாகப் பதிவாகலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும் கஞ்சாப் பயன்பாடு ‘நன்னடத்தை’ என்ற தகுதியைப் பாதிக்கலாம் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் தெளிவாக வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதற்காக வலியோடு சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபெடரல் ஒப்புதல் பெற்ற மருந்துகளும் இருக்கின்றன. செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட டிஎச்சியான (கஞ்சாவில் போதை தரும் கூறு) ட்ரோனாபினால் 1985 முதல் கிடைக்கிறது. கீமோதெரபி குமட்டலுக்கும், எய்ட்ஸ் நோயாளிகளின் பசியின்மைக்கும் அதைத் தருகிறார்கள். 2018இல் ஒப்புதல் பெற்ற எபிடியோலெக்ஸ், கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சிபிடி (போதை தராத கூறு). கடுமையான சில வகைக் குழந்தை வலிப்புகளுக்கானது. இரண்டையும் மருத்துவர் சாதாரண மருந்துச் சீட்டில் எழுதுவார், மருந்துக் கடை வழியாகவே வாங்கலாம். குடியுரிமை இல்லாத நோயாளி மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

சான்றும் மருந்துச் சீட்டும் ஒன்றா?

இல்லை. ஃபெடரல் சட்டத் தடையால் எந்த மருத்துவரும் கஞ்சாவை மருந்துச் சீட்டில் எழுத முடியாது. உங்களுக்குச் சட்டப் பட்டியலில் உள்ள நோய் இருக்கிறது, கஞ்சா பயன் தரக்கூடும் என்று அவர் மாநிலப் பதிவேட்டில் உறுதி செய்கிறார். அதுதான் சான்று. பரிந்துரைப்பது மருத்துவரின் பேச்சுரிமையில் அடங்கும் என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. நாட்டின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்கள் சீட்டை விட்டுப் பரிந்துரையின் மேல் நிற்பது இந்த வேறுபாட்டினால்தான்.

இதன் நடைமுறை விளைவு பெரிது. மருந்துச் சீட்டில் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்று இருக்கும். சான்றில் பெரும்பாலும் அளவு இருக்காது. மருத்துவர் விரும்பினால் வடிவத்தையோ அளவையோ கட்டுப்படுத்தி எழுதலாம். எழுதினால் டிஸ்பென்சரி அதை மீற முடியாது. எழுதாவிட்டால் அளவு பற்றிய பேச்சு டிஸ்பென்சரியின் மருந்தாளுநரிடம் நடக்கும்.

எந்த நோய்களுக்குச் சான்று கிடைக்கும்?

பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நோய்கள் உள்ளன. புற்றுநோய், கால்கை வலிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், கிரோன் உள்ளிட்ட குடல் அழற்சி நோய்கள், கிளாக்கோமா, ஆட்டிசம், எச்ஐவி, அரிவாள் செல் சோகை, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, நரம்புக் கோளாறுகள், கடுமையான நாள்பட்ட வலி ஆகியவை அவற்றில் சில. ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) அடிமைத்தனம் நிபந்தனைகளோடு இடம்பெறுகிறது. பதற்றக் கோளாறும் டூரெட் நோய்க்குறியும் 2019 ஜூலையில் சேர்ந்தன.

தூக்கமின்மை மட்டும் இருந்தால் போதாது. சர்க்கரை நோயும் பட்டியலில் இல்லை. ஆனால் சர்க்கரையால் பாதங்களில் வரும் எரிச்சலும் மரமரப்பும் நரம்புக் கோளாறு என்று பதிவாகியிருந்தால், அதன் அடிப்படையில் சான்று பெறலாம். உங்கள் குறிப்பேட்டில் ‘சர்க்கரை’ என்று மட்டும் இருந்தால் நரம்பு பாதிப்பைத் தனியாக எழுதித் தரும்படி உங்கள் வழக்கமான மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில் சுகாதாரத் துறையின் இணையப் பதிவேட்டில் உங்களுக்கென ஒரு கணக்கைத் தொடங்குங்கள். ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டையின் எண் தேவை. பதிவு முடிந்ததும் ஒரு நோயாளி எண் வரும். அதைக் குறித்துக்கொண்டு, துறையிடம் பதிவு செய்த மருத்துவரைப் பாருங்கள். அவர் அந்த எண்ணைக் கொண்டு சான்றைப் பதிவேட்டில் ஏற்றுவார். ஏற்றிய பிறகு நீங்கள் மறுபடி உள்ளே போய் 50 டாலர் கட்ட வேண்டும். அட்டை தபாலில் வரும்.

இந்தக் கடைசிப் படியில்தான் பலர் தவறுகிறார்கள். மருத்துவரிடம் பணம் கட்டியாயிற்று, எல்லாம் முடிந்தது என்று தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மருத்துவர் வாங்கியது அவருடைய கட்டணம். மாநிலத்துக்கான 50 டாலரை நீங்களே பதிவேட்டில் கட்டாதவரை அட்டை அச்சாகாது. சான்றின் பிரதியைக் காட்டினாலும் டிஸ்பென்சரியில் விற்க மாட்டார்கள்.

பதிவேடு என் விவரங்களை ஏற்கவில்லை. ஏன்?

பெயரோ முகவரியோ பிறந்த தேதியோ போக்குவரத்துத் துறையின் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று பொருள். பதிவேடு உங்கள் விவரங்களை அங்கேதான் சரிபார்க்கிறது.

தமிழ்ப் பெயர்களுக்கு இது நன்கு பழகிய தொல்லை. தலைப்பெழுத்து ஒரு ஆவணத்தில் விரிந்திருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக நிற்கும். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து உட்கார்ந்திருக்கும். உங்கள் சரியான பெயர் எது என்று யோசிக்காதீர்கள். உரிமத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, இடைவெளியும் வரிசையும் மாறாமல், அப்படியே தட்டச்சு செய்யுங்கள். மருத்துவரின் அலுவலகத்திலும் அதே வடிவத்தைக் கொடுங்கள். காப்பீட்டு அட்டையில் வேறு மாதிரி இருந்தால், முன்மேசையில் அதைப் பார்த்துப் பதிவு செய்துவிடுவார்கள். சான்று ஒரு பெயரிலும் கணக்கு இன்னொரு பெயரிலும் போய் நிற்கும்.

வீடு மாறியிருந்தால் போக்குவரத்துத் துறையில் முகவரியை மாற்றிய பிறகே பதிவு செய்யுங்கள். பழைய முகவரியோடு ஆரம்பித்தால் அட்டை பழைய வீட்டுக்குப் போகும். அட்டை வந்த பிறகு பெயரோ முகவரியோ மாறினால் துறைக்கு 10 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவரிடம் என்னென்ன கொண்டு போக வேண்டும்?

நோயை உறுதி செய்யும் ஆவணம்: நிபுணரின் குறிப்பு, ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ அறிக்கை, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று. இப்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றின் பட்டியலும் வேண்டும். அதில் சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேருங்கள். அவற்றைச் சொல்லாமல் விடுவது நம்மிடையே பரவலான வழக்கம். இதற்கு முன் எந்தச் சிகிச்சை பலிக்கவில்லை என்பதையும் இரண்டு வரியில் எழுதிக்கொண்டு போங்கள்.

எல்லா மருத்துவரும் சான்று தர முடியாது. பென்சில்வேனிய உரிமம் உள்ள மருத்துவராகவும், நான்கு மணி நேரப் பயிற்சி முடித்து சுகாதாரத் துறையிடம் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் துறையின் தளத்தில் மாவட்ட வாரியாக இருக்கிறது. சான்று தருமுன் அவர் மாநிலத்தின் மருந்துக் கண்காணிப்புத் தரவைப் பார்ப்பார். நீங்கள் வாங்கிய ஓபியாய்டு, பென்சோடயாசபைன் மருந்துகள் எல்லாம் அதில் தெரியும். மறைப்பதில் பயனில்லை. காணொளி வழியாகவும் சான்று தருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் ‘நிச்சயம் கிடைக்கும்’ என்று வாக்களிக்கும் இடங்களைவிட, உங்கள் நோயை ஏற்கெனவே அறிந்த மருத்துவர் பதிவு செய்தவரா என்று முதலில் விசாரிப்பது நல்லது. சட்டமும் தொடர்ச்சியான கவனிப்பையே எதிர்பார்க்கிறது.

செலவு எவ்வளவு?

அட்டைக்கு ஆண்டுக்கு 50 டாலர். மெடிக்கெய்டு, ஸ்நாப், விக் போன்ற உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பணம் கட்டும் கட்டத்திலேயே அதைத் தெரிவியுங்கள். மருத்துவரின் கட்டணத்தை மாநிலம் நிர்ணயிக்கவில்லை, இடத்துக்கு இடம் மாறும். புதுப்பிப்புக்கு எவ்வளவு என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் விலையை உடல்நலக் காப்பீடு தராது. விற்பனை வரி இல்லை. கிரெடிட் கார்டும் செல்லாது. வங்கிகள் ஃபெடரல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. ரொக்கமோ டெபிட் கார்டோ எடுத்துப் போங்கள்.

டிஸ்பென்சரியில் முதல் நாள் என்ன நடக்கும்?

வாசலில் அட்டையைச் சரிபார்ப்பார்கள். பிறகு மருந்தாளுநரோ வேறொரு மருத்துவப் பணியாளரோ நேரிலோ காணொளியிலோ பேசுவார். இந்தப் பேச்சை அவசரமாக முடிக்காதீர்கள். எந்த நேரத்தில் வலி அதிகம், வண்டி ஓட்ட வேண்டிய நேரம் எது, வீட்டில் குழந்தைகள் உண்டா, இதய நோய் உண்டா என்பதையெல்லாம் சொல்லுங்கள். ஒரே முறையில் அதிகபட்சம் 90 நாள்களுக்கான அளவு வாங்கலாம் (2021க்கு முன் 30 நாள்). முதல் முறை அவ்வளவு வாங்குவது வீண். பிடிக்காத புட்டியைத் திருப்பித் தருவது எளிதல்ல.

மாத்திரை, எண்ணெய், டிங்ச்சர் (துளிகளாக எடுக்கும் திரவம்), களிம்பு, வேப்பரைசரில் (சூடாக்கி ஆவியை உள்ளிழுக்கும் கருவி) இடும் எண்ணெய், உலர்ந்த பூ ஆகிய வடிவங்கள் கிடைக்கும்.

எவ்வளவு எடுப்பது? எப்போது வேலை செய்யும்?

உங்கள் மருத்துவர் சொன்ன அளவு இருந்தால் அதுவே முடிவு. சொல்லவில்லை என்றால், புதிதாகத் தொடங்குபவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆரம்ப அளவு 2.5 மி.கி. டிஎச்சி, படுக்கப் போகும் முன். முதியவர்கள் அதிலும் பாதியில் தொடங்கலாம்.

புட்டியின் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். 30 மி.லி. டிங்ச்சர் புட்டியில் மொத்தம் 300 மி.கி. டிஎச்சி என்று இருந்தால், 1 மி.லி.யில் 10 மி.கி. அப்படியானால் 2.5 மி.கி. என்பது 0.25 மி.லி., அதாவது துளிக்குழாயின் முதல் கோடு. குழாயை நிரப்பி எடுத்துவிட்டு நான்கு மடங்கு விழுங்குவதுதான் புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு.

வேப்பரைசரில் உள்ளிழுத்தால் சில நிமிடங்களில் தெரியும், இரண்டு முதல் நான்கு மணி நேரம் நிற்கும். நாவின் அடியில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருக்கும் டிங்ச்சருக்கு 15 முதல் 45 நிமிடம் ஆகும். உடனே விழுங்கிவிட்டால் அது மாத்திரை போலத்தான் நடக்கும். மாத்திரைக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும், விளைவு ஆறு முதல் எட்டு மணி நேரம் நீடிக்கும். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது மாத்திரை போடுபவர்கள், இரண்டும் சேர்ந்து ஏறும்போது படபடப்போடும் பயத்தோடும் அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள். வாய்வழி எடுத்தால் அன்றைக்கு ஒரு வேளைதான். அளவைக் கூட்டுவது இரண்டு மூன்று நாள் கழித்து, அதுவும் 2.5 மி.கி. அளவில் மட்டும். தேதி, நேரம், அளவு, வலி பத்துக்கு எத்தனை என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வைத்திருங்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை.

அளவு மீறிப் போனால் உட்காருங்கள் அல்லது படுங்கள், தண்ணீர் குடியுங்கள், தனியாக இருக்காதீர்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மார்பு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் 911. குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் நச்சு ஆலோசனை எண்ணான 1-800-222-1222ஐ அழையுங்கள்.

மற்ற மருந்துகளோடு மோதுமா?

மோதும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் சிபிடி சேர்த்தால் இரத்தம் உறையும் தன்மை குறைந்து, அதை அளக்கும் ஐஎன்ஆர் என்ற எண் ஏறக்கூடும். தொடங்கும் வாரத்திலேயே சோதனை தேவை. மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், வலிப்புக்கான குளோபசாம் ஆகியவற்றின் அளவும் உடலில் உயரலாம். தூக்க மாத்திரை, ஓபியாய்டு, மது ஆகியவற்றோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறியும் அபாயம் கூடும்.

மனச்சிதைவு உங்களுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ இருந்தால் டிஎச்சி வேண்டாம். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் வேண்டாம். நீண்ட நாள் அதிகமாக எடுப்பவர்களுக்கு விடாத வாந்தியும் வயிற்று வலியும் வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிகிறது என்றால், அதற்குக் காரணம் கஞ்சாவே. அதை நிறுத்தினால்தான் தீரும்.

புகைக்கலாமா? உணவில் கலக்கலாமா? செடி வளர்க்கலாமா?

புகைப்பது சட்டத்துக்குப் புறம்பு. உலர்ந்த பூவை வேப்பரைசரில் மட்டுமே பயன்படுத்தலாம். கஞ்சா கலந்த தின்பண்டங்களை டிஸ்பென்சரி விற்காது. வாங்கிய எண்ணெயை வீட்டில் நோயாளியின் உணவில் கலந்துகொள்ளத் தடையில்லை, ஆனால் ஒரு பாத்திரம் முழுக்கக் கலந்தால் கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும். உங்கள் தட்டில் மட்டும் விடுங்கள். ஒரு செடிகூட வளர்க்க அனுமதியில்லை. மிச்சத்தை வாங்கிய பொட்டலத்திலேயே வைத்திருக்க வேண்டும், மருந்து கையில் இருக்கும்போது அட்டையும் கையில் இருக்க வேண்டும். இரண்டும் சட்டத்தில் எழுதப்பட்டவை.

குழந்தைக்கோ படுக்கையில் இருக்கும் முதியவருக்கோ எப்படி வாங்குவது?

பராமரிப்பாளராகப் பதிவு செய்ய வேண்டும். நோயாளி 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ சட்டப் பாதுகாவலரோ அவர்கள் நியமிப்பவரோ பராமரிப்பாளர் ஆகாமல் மருந்து வாங்கவே முடியாது. ஒரு நோயாளிக்கு இரண்டு பேர் வரை இருக்கலாம். பராமரிப்பாளருக்கும் தனி அட்டை உண்டு, கைரேகை எடுத்துப் பின்னணிச் சோதனை நடக்கும். நாள் பிடிப்பது இந்தச் சோதனைதான். ஆகவே நோயாளியின் சான்று வரும்வரை காத்திருக்காமல் கைரேகை வேலையை முன்னதாகவே தொடங்குங்கள்.

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்திருக்கும் அம்மாவுக்கு அட்டை வாங்கலாமா?

முடியாது. பென்சில்வேனியாவில் வசிப்பவருக்கு மட்டுமே அட்டை. உங்கள் அட்டையில் வாங்கி அம்மாவுக்குக் கொடுப்பது குற்றம். உங்கள் அட்டையும் போகும், அம்மாவின் அடுத்த விசாவும் சிக்கலாகும். மூட்டு வலி எவ்வளவு கடுமையானாலும் சரி. வேறு மாநில அட்டை வைத்திருப்பவருக்கும் இங்குள்ள டிஸ்பென்சரிகள் விற்பதில்லை.

வேலைக்கும் வண்டி ஓட்டுவதற்கும் என்ன ஆகும்?

சான்று பெற்ற நோயாளி என்ற ஒரே காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பணியிடத்தில் பயன்படுத்தவோ போதையோடு வேலை செய்யவோ அது உரிமை தரவில்லை. உயர் மின்னழுத்தம், உயரம், அபாயமான வேதிப்பொருள் போன்ற வேலைகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சரக்கு லாரி ஓட்டுநர், விமானப் பணியாளர் போல ஃபெடரல் போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டவர்களையும், ஃபெடரல் ஊழியர்களையும், அவர்களுக்கான சோதனைகளிலிருந்து அட்டை காப்பாற்றாது. பிலடெல்பியாவில் 2022 முதல் வேலைக்கு எடுக்கும் முன் கஞ்சாச் சோதனை கேட்பதற்குத் தடை உண்டு, சில வேலைகளுக்கு விலக்குடன்.

வண்டி ஓட்டுவது தனிக் கவலை. இங்குள்ள போதை ஓட்டுதல் சட்டத்தில், இரத்தத்தில் கஞ்சாவின் கூறோ அது சிதைந்த எச்சமோ இருந்தாலே போதும். தள்ளாடினீர்களா என்று பார்க்க வேண்டியதில்லை. அட்டை இருக்கிறது என்பது தற்காப்பு ஆகாது. தொடர்ந்து எடுப்பவரின் இரத்தத்தில் அந்த எச்சம் போதை தெளிந்து நாள்கள் கழிந்தும் இருக்கும். தினமும் அறுபது மைல் ஓட்டி வேலைக்குப் போகிறவர் இதை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே பேச வேண்டும். நோயாளிகளுக்கு இந்தச் சட்டம் செய்யும் அநியாயம் இது என்பது எங்கள் கருத்து. ஆனால் சட்டம் மாறும்வரை அதை அறிந்து நடப்பதே பாதுகாப்பு.

துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கஞ்சா பயன்படுத்துவோருக்கு ஃபெடரல் சட்டத்தில் தடை. வாங்கும்போது நிரப்பும் படிவத்தில் இந்தக் கேள்வி நேரடியாகவே வரும். பொய் சொல்வது தனிக் குற்றம்.

பயணத்தில் எடுத்துப் போகலாமா?

மாநில எல்லை தாண்டுவது ஃபெடரல் குற்றம், பிலடெல்பியாவிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியில் இருக்கும் கேம்டனுக்குப் போனாலும். இந்தியாவில் என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டம், 1985, எண்ணெயையும் பூவையும் தடை செய்கிறது. அமெரிக்க அட்டைக்கு அங்கே மதிப்பு எதுவும் இல்லை. சிங்கப்பூர், துபாய் வழியாக மாறிப் போகிறவர்கள் பையின் மூலையில் மறந்துபோன ஒரு வேப் குழாய்கூட இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இன்னொன்றையும் அறிய வேண்டும்: வெளிநாட்டில் உட்கொண்டது திரும்பிய பின் சோதனையில் தெரிந்தாலும் அங்கே குற்றமே.

எப்போது புதுப்பிக்க வேண்டும்?

ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு வேலையாக: மருத்துவரின் புதிய சான்று, அதன் பிறகு மாநிலக் கட்டணம். காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது துறையிலிருந்து மின்னஞ்சல் வரும்; அது விளம்பரப் பெட்டிக்குள் விழுவதும் உண்டு, ஆகவே தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மருத்துவரின் நேரம் கிடைக்க ஒரு மாதம், தபாலுக்கு ஓரிரு வாரம் என்று கணக்கு வைத்து, ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். அட்டை காலாவதியான நாளிலிருந்து டிஸ்பென்சரி விற்காது, வீட்டில் மிச்சமிருக்கும் புட்டிக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்காது.